ஈரலில் ஆபரேஷன், கண்ணில் பூஞ்சை: மண்டபத்திலிருந்து ஒரு மகள் கேட்ட கேள்விக்குப் பதில்

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊர். அம்மாவுக்கு 54 வயது, பாசி எடுக்கிற தொழில். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வருடக் கடைசியில் ஸ்கேனில் ஈரலில் கட்டி தெரிந்தது. ஹெபடைடிஸ் பி கிருமி ரொம்ப காலமாக உடம்பில் இருந்து, அதனால் வந்த புற்று என்றார்கள். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஈரலின் வலது பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். பித்தம் கசிந்ததால் 9 நாள் ஐசியூ. கழுத்தில் லைன் போட்டு, அது வழியாகத்தான் சத்து மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஏறியது. நடுவில் குளிர்காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம், "இடது கண்ணுல கருப்பா பூச்சி பறக்குதுடி" என்றார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. மெடிக்கலில் சொன்ன சொட்டு மருந்தைப் போட்டோம். சிவப்பு போய்விட்டது. ஆனால் பத்து நாளில் அந்தக் கண்ணில் விரலை எண்ணக்கூட முடியவில்லை. ராமநாதபுரத்தில் காட்டியதும் அன்றைக்கே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்குள் பூஞ்சை என்று சொல்லி கண்ணிலேயே ஊசி போட்டார்கள். வோரிகோனசோல் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் ஆபரேஷனும் செய்ய வேண்டுமாம். ஈரல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால், அந்த மாத்திரை ஈரலுக்கு ஆகாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். பயந்துபோய் இரண்டு நாளாக, இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை மட்டும்தான் கொடுக்கிறேன்.

ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புற்று கண்ணுக்கு ஏறிவிட்டது என்கிறார்கள். கருப்பு பூஞ்சை, பக்கத்தில் போகாதே என்கிறார்கள். கடல் தண்ணீரில் முங்கியதால் வந்தது என்கிறார்கள். அம்மாவோ, "உசுரு தப்பிச்சதே போதும், ஒரு கண்ணு போனா போகட்டும், இன்னொரு ஆபரேஷன் வேணாம்" என்கிறார். வயிற்றில் செய்த ஆபரேஷனுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

விளக்கமெல்லாம் அப்புறம். இன்று செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். இதைப் படித்த கையோடு மதுரை கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இரண்டு நாளாக ஒரு வேளைதான் கொடுத்தேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள். திட்டமாட்டார்கள். இனி எப்படிக் கொடுப்பது என்று அவர்களே சொல்வார்கள். ஈரல் சரியில்லாதவர்களுக்கு இந்த மாத்திரையின் தொடர் அளவைப் பாதியாக்கி எழுதுவது வழக்கம். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால், நீங்கள் மறுபடி பாதியாக்கியதும் கால் பங்குதான் உள்ளே போகிறது. பூஞ்சைக்கு அரைகுறை மருந்து போனால் அது சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளவும் கூடும்.

இரண்டாவது, அந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். ஏன் என்று கீழே எழுதுகிறேன். அம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

வயிற்றுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தம்தான் சம்பந்தம். பெரிய ஆபரேஷனுக்கும் ஐசியூவுக்கும் பிறகு இப்படி ரத்தம் வழியாக வருவது பெரும்பாலும் கான்டிடா என்ற பூஞ்சை. அது எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்வதில்லை. உங்கள் வாயிலும் என் குடலிலும் இப்போதும் இருக்கிறது. குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கிறது. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு பல நாள் பலமான ஆன்டிபயாடிக் ஏறும்போது பாக்டீரியாக்கள் அழிகின்றன. பூஞ்சைக்கு அந்த மருந்து எதுவும் செய்யாது. காலியான இடத்தில் அது பெருகிவிடுகிறது.

பெருகினாலும் அது ரத்தத்துக்குள் நுழைய ஒரு வழி வேண்டும். கழுத்தில் போட்ட லைன் ஒரு வழி. தோலிலிருக்கும் கிருமி அந்தக் குழாயின் மேல் படிந்து வளர்ந்து, நேரே பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்கும். லைன் வழியாக ஏற்றுகிற சத்துத் திரவத்தில் சர்க்கரையும் கொழுப்பும் நிறைய இருப்பதால் பூஞ்சைக்கு அது தோதான இடம். இன்னொரு வழி குடல். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு இப்படி வருவதுதான். அதில் தப்பி வரும் கிருமிகளைப் பிடித்துத் தின்பதற்கென்றே ஈரலுக்குள் கூஃபர் செல்கள் என்று ஒரு காவல் கூட்டம் உண்டு. ஈரலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சமிருப்பது வளர்ந்து தேறுகிறவரை அந்தக் காவல் குறைந்திருக்கும். ஹெபடைடிஸ் பி-யால் ஏற்கெனவே தழும்பேறிய ஈரல் என்றால் இன்னும் குறைவு. கூடவே பித்தக் கசிவு, சர்க்கரை, ஐசியூ. பூஞ்சை ரத்தத்தில் நுழைவதற்கு என்னென்ன காரணம் சொல்வோமோ, அத்தனையும் உங்கள் அம்மாவுக்கு ஒரே சமயத்தில் வாய்த்திருக்கிறது.

ரத்தத்தில் கிருமி வளரவில்லை என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் உடம்புக்குள் கான்டிடா பரவியவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளர்வதில்லை. அந்தக் குளிர்காய்ச்சல் சமயத்தில் பூஞ்சை கொஞ்ச நேரம் ரத்தத்தில் ஓடியிருக்கலாம். அப்படி ஓடும்போது அது ஒதுங்குகிற இடங்களில் கண்ணும் ஒன்று. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ரத்தம் ஓடும் இடங்களில் ஒன்று அது. அங்கே தங்கிய பூஞ்சை மெதுவாக வளர்ந்து, விழித்திரையைத் துளைத்துக்கொண்டு கண்ணின் நடுப்பகுதிக்கு வருகிறது. அந்த நடுப்பகுதி முழுக்க விட்ரியஸ் என்கிற தெளிந்த கூழ். இளநுங்கின் சதை மாதிரி இருக்கும். அதில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அங்கே போய்ச்சேர நேரமாகும். பூஞ்சை அதில் வெள்ளை வெள்ளையாகத் திரளும். அந்தத் திரள்களின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் அம்மா பூச்சி பறக்கிறது என்று சொன்னார். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடக்கிற வேலை. வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் கண்ணில் தெரிய ஆரம்பித்ததும் அதனால்தான். பாக்டீரியா என்றால் இவ்வளவு நாள் காத்திருக்காது. ஈரலில் சீழ் கட்டிய சர்க்கரை நோயாளிகளுக்கு க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா கண்ணுக்கு வருவதுண்டு. அது ஓரிரு நாளிலேயே கண்ணை நாசமாக்கிவிடும். பூஞ்சை மெதுவானது என்பதில் நமக்கு ஒரு நன்மை இருக்கிறது, பிடிக்க நேரம் கிடைக்கிறது. வலி அதிகம் இல்லாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது அதிலேயே இருக்கிற ஆபத்து.

அக்கம்பக்கத்தில் சொல்வதைப் பற்றி. புற்று கண்ணுக்கு ஏறவில்லை. கண்ணுக்குப் பரவுகிற புற்று என்றால் பெரும்பாலும் மார்பகத்திலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வருவதுதான். ஈரல் புற்று கண்ணுக்குப் போவது மிக மிக அரிது, போனாலும் இப்படி இருக்காது. கருப்பு பூஞ்சையும் இல்லை. 2021-இல் கொரோனாவோடு வந்த மியூக்கர் வேறு இனம். அது மூக்கு, சைனஸ் வழியாகக் கண்குழிக்கு ஏறும். முகம் வீங்கும், கண் பிதுங்கும். உங்கள் அம்மாவின் பூஞ்சை கண் உருண்டைக்கு உள்ளே அடைபட்டிருக்கிறது. தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், பக்கத்தில் படுத்தால் யாருக்கும் ஒட்டாது. பேரப்பிள்ளைகளை அவரிடமிருந்து விலக்கி வைத்திருந்தால் இன்றைக்கே மடியில் கொண்டுபோய் விடுங்கள்.

கடல் தண்ணீரும் காரணமில்லை. நம் பக்கத்தில் பூஞ்சை என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கருவிழிப் புண்தான். சீமைக்கருவேல முள்ளோ பனையோலையோ கண்ணில் கீறி, அந்தக் கீறலில் பூஞ்சை பிடித்து, கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுவது ராமநாதபுரம் மாவட்டத்தில் சகஜம். அது வெளியிலிருந்து உள்ளே போவது, அதற்குச் சொட்டு மருந்து உண்டு. அம்மாவுக்கு வந்திருப்பது உள்ளேயிருந்து வந்தது. இதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது, விட்ரியஸ் வரைக்கும் அது போய்ச் சேராது. பாசி எடுக்கப் போனதால்தான் இப்படி ஆனது என்று அவர் மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தால், இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கழுத்து லைன் போட்டது தப்பா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. பித்தம் கசிந்து, வாயால் சாப்பிட முடியாத ஒருவரை அந்த லைன் இல்லாமல் காப்பாற்றியிருக்க முடியாது. ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். என் ஆதங்கம் வேறு. இவ்வளவு பெரிய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, காய்ச்சல் வந்தால் வா, வயிறு வீங்கினால் வா, சிறுநீர் மஞ்சளானால் வா என்று எழுதிக் கொடுக்கிறோம். "கண்ணில் பூச்சி பறந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே கண் டாக்டரிடம் போ" என்று ஒரு வரி சேர்ப்பதில்லை. ஐசியூவில் கிடந்து, லைன் போட்டு, காய்ச்சலும் வந்து போனவர்களுக்கு அந்த வரி கட்டாயம் வேண்டும். ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

அந்தச் சொட்டு மருந்து விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, உங்கள் மேல் இல்லை. சிவந்த கண்ணுக்கு மெடிக்கலில் எடுத்துக்கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து அது. வீட்டில் பாட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெதசோன் என்று ஏதாவது எழுதியிருக்கும். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைக்கும், உறுத்தலைக் குறைக்கும், கண் சரியாகிவிட்டது போலத் தோன்றும். உள்ளே எதிர்ப்புச் சக்தியின் கையைக் கட்டிவிட்டுப் பூஞ்சையை இஷ்டத்துக்கு வளரவிடும். அம்மாவின் கண்ணில் சிவப்பு போனதும் பார்வை போனதும் ஒரே பத்து நாளில் நடந்தது இதனால்தான் இருக்க வேண்டும். அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள், எத்தனை நாள் போட்டீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பிறகு தூக்கிப் போடுங்கள். ஒருவேளை கண் டாக்டரே பின்னால் வீக்கத்துக்காக ஸ்டீராய்டு கொடுத்தால் குழம்ப வேண்டாம். பூஞ்சை மருந்து ஏறிய பிறகு, அளவு பார்த்து, தினமும் கண்ணைச் சோதித்துக் கொடுப்பது வேறு கதை. ஆனால் ஊசியாகவோ மாத்திரையாகவோ ஸ்டீராய்டு என்றால், ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்பதை நினைவுபடுத்துங்கள். அந்தக் கிருமியை ஸ்டீராய்டு தட்டி எழுப்பக்கூடும்.

இனி மாத்திரைக்கு வருவோம். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான். கண் டாக்டர் கொடு என்கிறார், ஈரல் டாக்டர் ஆகாது என்கிறார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. ரத்தத்தில் ஏறும் மருந்தெல்லாம் கண்ணின் கூழுக்குள் நுழைந்துவிடாது, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. ஐசியூவில் பூஞ்சைக்கென்று அதிகம் பயன்படுத்தும் காஸ்போஃபன்ஜின், மைக்காஃபன்ஜின் போன்ற ஊசிகள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாலும் கண்ணுக்குள் சரியாக இறங்குவதில்லை. ஆம்போடெரிசினை நரம்பில் ஏற்றினாலும் கண்ணுக்குப் போதுமான அளவு போவதில்லை, கிட்னியையும் கெடுக்கும். நன்றாக இறங்குகிறவை ஃப்ளுகோனசோலும் வோரிகோனசோலும். வோரிகோனசோலை ஈரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும். ஈரல் பலவீனமாக இருந்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும், ஈரலையும் சோர்வாக்கும். ஈரல் டாக்டர் பயப்படுவது அதற்கு. ஃப்ளுகோனசோல் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடுகிறது. அதுவும் ஈரலைத் தொடும், ஆனால் வோரிகோனசோல் அளவுக்கு இல்லை.

அப்படியானால் ஏன் முதலிலேயே வோரிகோனசோல்? கண்ணுக்குள் இருப்பது கான்டிடாவா, ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரி வேறு பூஞ்சையா என்று முதல் நாளில் தெரியாது. ஃப்ளுகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸைத் தொடாது, கான்டிடாவிலும் சில வகைகள் அதற்குப் படியாது. வோரிகோனசோல் இரண்டுக்கும் கேட்கும். ஊசி போட்டபோது கண்ணிலிருந்து கொஞ்சம் திரவம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பியிருப்பார்கள், ஆபரேஷனிலும் எடுப்பார்கள். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: "கல்ச்சரில் என்ன வந்தது? ஃப்ளுகோனசோலுக்கு மாற்ற முடியுமா?" ஃப்ளுகோனசோலுக்குப் படிகிற கான்டிடா என்று வந்தால் பெரும்பாலும் மாற்றிவிடலாம். வோரிகோனசோலையே தொடர வேண்டியிருந்தால், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அதை வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம். ஈரல் பரிசோதனையை ஆரம்பத்தில் வாரம் ஒருமுறையாவது செய்யுங்கள், ரத்தம் கொடுக்க மதுரைக்கு ஓட வேண்டாம், ராமநாதபுரத்திலேயே கொடுத்து ரிசல்ட்டை இரண்டு ஆஸ்பத்திரிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

இரண்டு டாக்டர்களையும் நேரடியாகப் பேசவைப்பது இன்னும் நல்லது. "டாக்டர், இந்த நம்பரில் ஈரல் டாக்டரிடம் ஒரு நிமிடம் பேசிவிடுங்களேன்" என்று நீங்கள் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பேச முடியாவிட்டால் ஒரு கடிதமாவது எழுதித் தரச் சொல்லுங்கள். போனில் "ஆகாது" என்று ஒற்றை வார்த்தை கேட்டுவிட்டு, அளவை வீட்டில் முடிவு செய்கிற நிலைமை உங்களுக்கு வந்திருக்கக்கூடாது. அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியது நாங்கள்.

கொடுக்கும் முறையில் சில விஷயங்கள் உண்டு. வோரிகோனசோலைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ கொடுக்க வேண்டும், சாப்பாட்டோடு கொடுத்தால் சரியாக உடம்பில் ஏறாது. போட்ட அரைமணி நேரத்தில் சிலருக்கு வெளிச்சம் கூசும், நிறங்கள் மாறித் தெரியும். அது மருந்தின் வேலை, சீக்கிரம் அடங்கிவிடும். நல்ல கண்ணிலும் அப்படித் தெரிந்து அம்மா பயந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வெயில் பட்டால் தோல் கன்றிச் சிவக்கும், நம் கடற்கரை வெயிலுக்கு இது பெரிய விஷயம். காலை பத்து மணிக்கு மேல் வெளியே விடாதீர்கள். சர்க்கரை மாத்திரையின் பெயரைப் பாருங்கள்: கிளிமிபிரைடு, கிளிபிசைடு வகையாக இருந்தால் இந்த மருந்துகளோடு சேரும்போது, முக்கியமாக ஃப்ளுகோனசோலோடு, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு என்டெகாவிரோ டெனோஃபோவிரோ கொடுத்திருப்பார்கள். மாத்திரை அதிகமாகிவிட்டது என்று அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அதை நிறுத்தினால் மிச்சமிருக்கிற ஈரலும் கெட்டுவிடக்கூடும்.

ஈரலுக்கு நல்லது என்று யாராவது கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். இந்தச் சில மாதங்களுக்கு எந்தப் பொடியும் சாறும் வேண்டாம். ஈரல் ரிசல்ட் ஏறினால் பூஞ்சை மருந்தாலா, பொடியாலா என்று கண்டுபிடிக்க முடியாமல், வேண்டிய மருந்தை நிறுத்தும்படி ஆகிவிடும். பத்தியம் என்று மீனை நிறுத்தியிருந்தால் திரும்பக் கொடுங்கள். வளர்கிற ஈரலுக்கும் ஆறுகிற கண்ணுக்கும் புரதம் வேண்டும். குழம்பு மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம். கருவாடு மட்டும் உப்புக்காக வேண்டாம், வயிற்றில் நீர் கோக்கும்.

சரி, ஆபரேஷன். இதை அம்மாவுக்கு நிதானமாகச் சொல்லுங்கள். வயிற்றில் செய்தது மாதிரி இல்லை. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்துச் செய்வதே வழக்கம், பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கருவிழியின் ஓரத்திலிருந்து ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் மூன்று சின்னத் துளைகள். ஒன்றில் தண்ணீர் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் நுண்ணிய வெட்டுக்கருவி. பூஞ்சை படர்ந்த கூழை வெட்டி உறிஞ்சி எடுத்துவிட்டு, முடிவில் மருந்தை உள்ளே வைப்பார்கள். ஊசியாகப் போடும் மருந்து வெறும் 0.1 மில்லி. ஆம்போடெரிசின் என்றால் அதில் 5 முதல் 10 மைக்ரோகிராம், வோரிகோனசோல் என்றால் 100 மைக்ரோகிராம். அவ்வளவு சின்ன அளவு என்பதால் ஈரலுக்கு அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. கண்ணில் போடும் ஊசியைப் பற்றி ஈரலுக்காகப் பயப்பட வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மருந்து மட்டும் போதாதா என்றால், விழித்திரையில் சின்னப் புள்ளிகளாக இருக்கும்போது போதும். கூழுக்குள் திரண்டுவிட்ட பிறகு மருந்து திரளுக்குள் ஊறாது. விட்டுவைத்தால் அந்தத் திரள்கள் தழும்பாகச் சுருங்கி விழித்திரையை இழுத்துக் கிழிக்கும். விழித்திரை பிரிந்துவிட்டால் பிறகு பூஞ்சை செத்தாலும் பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். விரல் எண்ண முடியாத அளவுக்கு மங்கியிருப்பதைப் பார்த்தால், அம்மாவுக்குப் பூஞ்சை கூழுக்குள் திரண்டுவிட்டது என்றே தோன்றுகிறது. நாள் குறித்துவிட்டார்கள் என்றால் அதை முன்னால் நகர்த்த முடியுமா என்று கேளுங்கள், பின்னால் நகர்த்தாதீர்கள். போகும்போது கடைசியாக எடுத்த பிளேட்லெட், ஐஎன்ஆர் ரிசல்ட் இரண்டும் கையில் இருக்கட்டும். ஈரல் வெட்டியவர்களுக்கு ரத்தம் உறைவது தாமதமாகலாம், அதைப் பார்க்காமல் கண்ணில் கை வைக்க மாட்டார்கள். அது இல்லாமல் போய் ஒரு நாள் வீணாக வேண்டாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டக் கார்டையும் கொண்டுபோய், இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பார்வை எவ்வளவு திரும்பும்? இப்போதே யாராலும் சொல்ல முடியாது. விழித்திரையின் நடுப்புள்ளியான மேக்குலாவில் பூஞ்சை உட்கார்ந்ததா, பக்கத்தில் உட்கார்ந்ததா என்பதை வைத்துத்தான். கான்டிடா என்றால் ஆஸ்பெர்ஜில்லஸை விடப் பார்வை பிழைக்கும் வாய்ப்பு அதிகம். கூழைச் சுத்தம் செய்ததும் சிலருக்கு ஆச்சரியப்படும்படி தெளியும், சிலருக்கு ஆள் நடமாட்டம் தெரிகிற அளவோடு நிற்கும். மாத்திரை குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் போகும். உள்ளே புள்ளிகள் முழுக்க ஆறிவிட்டன என்று, மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்துச் சொன்ன பிறகே நிறுத்துவார்கள்.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியை ஒரே இடத்தில் நின்று, ஒரே வெளிச்சத்தில், தினமும் காலையில் முதலில் வலது கண்ணால், பிறகு இடது கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். தேதி தெரிகிறதா, எண்ணின் ஒரு பக்கம் மறைகிறதா, கோடு வளைந்து தெரிகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வலது கண்ணை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் வந்தது என்பதால் இரண்டு கண்ணுக்கும் வரலாம். வலது கண்ணையும் விரித்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள், பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. அதே காரணத்துக்காக இதய வால்வுகளையும் எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பார்ப்பது நல்லது, பூஞ்சை தங்குகிற இன்னொரு இடம் அது. கழுத்து லைனை எடுத்தாகிவிட்டது, ஆனால் வேறு ஏதாவது டியூப் உடம்பில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். திடீரென்று திரை விழுந்த மாதிரி ஒரு பக்கம் மறைந்தாலோ, கண் தாங்க முடியாமல் வலித்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, கண்ணும் சிறுநீரும் மஞ்சளானாலோ, அம்மா வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்து பேச்சு மாறினாலோ நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். ராத்திரியானால் 108-ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு கண் போனால் போகட்டும் என்று அம்மா சொன்னதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. வயிறு கிழிபட்டு, ஒன்பது நாள் ஐசியூவில் கிடந்து வந்த மனுஷிக்கு இன்னொரு ஆபரேஷன் என்றால் அப்படித்தான் தோன்றும். அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். முதலாவது, கண்ணுக்குள் பூஞ்சை என்றால் அது உடம்புக்குள் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து முழுசாக எடுப்பது உசுரைக் காப்பாற்றவும்தான், கண்ணுக்காக மட்டும் இல்லை. இரண்டாவது, ஈரல் டாக்டர்கள் அவரை இனி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அவர் பிழைத்திருக்கப் போகிறார் என்று நம்பித்தான் அத்தனையும் செய்கிறார்கள். பிழைத்திருக்கும் அத்தனை நாளுக்கும் இரண்டு கண் வேண்டும். சர்க்கரையும் இருக்கிற உடம்பில் ஒரு கண்ணை நம்பி இருப்பது லேசான காரியமில்லை. இதை நீங்கள் சொல்வதைவிட, அவருக்குப் பிடித்த ஒருவர், கூடப் பாசிக்குப் போகிற ஒரு மதினியோ அக்காவோ உட்கார்ந்து சொன்னால் கேட்பார்.

மறுபடி கடலுக்குப் போகலாமா என்று அவரே கேட்பார். ஆபரேஷனுக்குப் பிறகு சில வாரம் கண்ணில் குளிக்கிற தண்ணீர்கூடப் படக்கூடாது. முகம் துடைத்துக்கொள்ளலாம். கண்ணுக்குள் காற்றோ எண்ணெயோ நிரப்பியிருந்தால் குப்புறப் படுக்கச் சொல்வார்கள், அது சலிப்பான வேலை, துணைக்கு ஒருவர் வேண்டும். முங்கிப் பாசி எடுப்பதைக் கண் டாக்டரும் ஈரல் டாக்டரும் இரண்டு பேருமே சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம். கரையில் காயவைத்துப் பிரிக்கிற வேலை என்றால் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கலாம், ஆனால் நிழலில், கண்ணாடி போட்டுக்கொண்டு.

நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி என்றால், பிரசவத்தின்போது அது பிள்ளைகளுக்கு வந்திருக்கக்கூடும். உடம்பில் எந்தத் தொந்தரவும் காட்டாமல் இருபது முப்பது வருடம் இருக்கும், உங்கள் அம்மாவுக்கு இருந்ததைப் போல. நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் அப்பாவும் ஹெச்பிஎஸ்ஏஜி என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் கேளுங்கள், 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதத்தில் மூன்றாவது. இருக்கிறது என்று வந்தாலும் பதற வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலைப் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டால், அம்மாவுக்கு வந்த கட்டி உங்களுக்கு வருகிற வாய்ப்பை வெகுவாகக் குறைக்கலாம். நீங்கள் பிள்ளை பெறும் காலத்தில் இருக்கிறீர்கள் என்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தாய்க்குக் கிருமி இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போட்டு அதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.